மதுக்கூடங்களிலும் மனமகிழ் மன்றங்களிலும் புகைத்தடை

பொது இடப் புகைத்தடை என்பது, பலர் கூடும் இடங்களில் பீடி, சிகரெட், சுருட்டு போன்றவற்றைப் புகைப்பதைச் சட்டத்தின் மூலம் விலக்குவதாகும். பேருந்து, திரையரங்கு, மருத்துவமனை, பள்ளி ஆகிய இடங்களில் இத்தடை இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது. பேச்சுவழக்கில் பார் எனப்படும் மதுக்கூடத்திலும், கிளப் எனப்படும் மனமகிழ் மன்றத்திலும் மட்டும் அது நீண்ட காலம் எதிர்ப்பைச் சந்தித்தது. குடிப்பதும் புகைப்பதும் இணைபிரியாதவை, ஒன்றைத் தடுத்தால் மற்றொன்றின் வியாபாரம் படுத்துவிடும் என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். அயர்லாந்து, அமெரிக்கா, ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் தடை நடைமுறைக்கு வந்த பிறகு உண்மையில் நடந்தது என்ன என்பது ஆய்வுகளாகப் பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டில் அதே தடை 2008 முதல் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறை வேறு. இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மதுக்கூடக் காற்று

புகையிலைப் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. புகைப்பவர் இழுத்து வெளியே விடும் புகையும், சிகரெட்டின் எரியும் நுனியிலிருந்து நேரடியாக எழும் புகையும் கலந்தே அறையில் நிறைகின்றன. இக்கலவையே 'பிறர் புகை' அல்லது 'இரண்டாம்நிலைப் புகை' எனப்படுகிறது. உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் சேர்த்துள்ளது. தாம் புகைக்காமலே பிறர் புகையால் இறப்பவர்கள் உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது அவ்வமைப்பின் கணக்கு.

இப்புகையின் நுண்துகள்கள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையவை. ஒரு தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே வரும். மூக்கு மயிரும் சளியும் இவற்றைத் தடுக்க இயலாது. நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இவை செல்கின்றன. மின்விசிறியைச் சுழற்றினால் புகை கலைந்துவிட்டதாகத் தோன்றும். அது அறை முழுவதும் சமமாகப் பரவியிருக்கும், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் இக்காற்றில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருந்துவிட்டுப் போய்விடுவார். மேசை துடைப்பவரும், தண்ணீரும் சுண்டலும் கொண்டுவருபவரும், சமையற்கட்டில் ஆம்லெட் போடுபவரும் நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. அவற்றோடு இணைந்த பாரில் வேலை செய்பவருக்கு அது பத்து மணி நேரப் பணி. பேகம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்குத் தொழில்வழி நோய் என்பது புதிய செய்தி அன்று. தோல் ஷெட்டில் வேலை செய்பவரின் கையும் காலும் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பாரில் வேலை செய்பவரின் நெஞ்சு என்ன ஆகும் என்பதை யாரும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை.

இந்தியச் சட்டம் சொல்வது

1999 சூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையைப் பாதிக்கிறது எனத் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் தடை ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையின் பட்டியலில் அரங்கம், மருத்துவமனை, கல்வி நிறுவனம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து ஆகியவை இருந்தன. மதுக்கூடம் இல்லை.

அதன் பின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், 2003 இயற்றப்பட்டது. இதன் 4-ஆம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்கிறது. உணவகங்கள் இதில் அடங்கின. ஆனால் மதுக்கூடம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 2008-ஆம் ஆண்டு விதிகளில்தான். அப்போது நடுவண் நலவாழ்வு அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி இராமதாசு. புகையிலை நிறுவனமும் விடுதி உரிமையாளர் தரப்பும் நீதிமன்றம் சென்றன. உச்ச நீதிமன்றம் 2008 செப்டம்பர் 29 அன்று இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. மூன்று நாள் கழித்து, காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று விதிகள் நடைமுறைக்கு வந்தன.

விதிகளில் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உணவகம் என்ற சொல்லுக்கு, பொதுமக்கள் வந்து உணவோ பானமோ அங்கேயே உட்கொள்ளும் எந்த இடமும் என்று பொருள் தரப்பட்டுள்ளது. பப், பார், டிஸ்கோ, விருந்துக் கூடம் ஆகியவை அதில் அடங்கும். அக்கட்டடத்தைச் சுற்றியுள்ள திறந்த வெளியும் அடங்கும். ஆகவே, 'இது தகரக் கொட்டகைதானே, நாலு பக்கமும் திறந்துதானே கிடக்கிறது' என்ற வாதம் செல்லாது. பணியிடங்களும் பொது இடத்தின் வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. ஒரு பாரின் சமையற்கட்டு வாடிக்கையாளர் நுழையாத இடமாக இருக்கலாம். ஆயினும் அது ஒருவரின் பணியிடம்.

உரிமையாளரின் கடமைகளும் தெளிவாக உள்ளன. வாயிலில் 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் வழங்கக் கூடாது. புகைத்தவருக்கு ரூ. 200 வரை அபராதம். தெரிந்தே விட்டுவிட்ட பொறுப்பாளருக்கு, அங்கே எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேரின் அபராதத்துக்கு ஈடான தொகை. அபராதம் விதிக்கும் அதிகாரம் பெற்றவர்களின் பட்டியல் நீளமானது. பள்ளிக்குள் அந்த அதிகாரம் தலைமையாசிரியருக்கே உண்டு. பாருக்குள் அது காவல் துறையினரையும் சுகாதாரத் துறையினரையும் நம்பியிருக்கிறது.

ஒரு விலக்கும் உண்டு. 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளும், 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களும், விமான நிலையங்களும் தனிப் புகை அறை அமைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் கூரை வரை சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, புகையை வெளியே தள்ளும் தனிக் காற்றோட்டம் ஆகியவை அந்த அறைக்குக் கட்டாயம். 2017-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி அந்த அறைக்குள் உணவோ மதுவோ வேறெந்தச் சேவையோ தரக்கூடாது. இலங்கையில் 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் சட்டமும் இதே 30 என்ற எண்ணையே பெரிய விடுதிகளுக்கான விலக்கில் கையாள்கிறது.

தொழிலாளர் உடலில் கண்ட மாற்றம்

மதுக்கூடப் புகைத்தடையின் முதல் விளைவாகப் பதிவானது பணியாளர் நலமே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1998 சனவரி 1 முதல் மதுக்கூடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. தடைக்குச் சற்று முன்பும் சில வாரங்கள் கழித்தும் சான் பிரான்சிஸ்கோ நகர மதுக்கூடப் பணியாளர்கள் 53 பேரை மருத்துவர்கள் சோதித்தனர். தடைக்கு முன் இருமல், மூச்சிரைப்பு போன்ற குறிகள் 39 பேருக்கு இருந்தன. தடைக்குப் பின் அவர்களுள் 23 பேருக்கு அக்குறிகள் மறைந்திருந்தன. மருந்து எதுவும் தரப்படவில்லை. காற்று மட்டுமே மாறியிருந்தது.

அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று நாடு முழுவதும் எல்லாப் பணியிடங்களிலும், மதுக்கூடங்கள் உட்பட, புகைப்பதைத் தடை செய்தது. விலக்கு அறைகள் இல்லாத முழுத் தடையை நாடு முழுமைக்கும் கொண்டுவந்த முதல் நாடு அதுவே. மதுக்கூடத்தையே ஊரின் திண்ணையாகக் கொண்ட நாடு அது என்பதை நினைவில் கொண்டால் இதன் துணிவு விளங்கும். டப்ளின் நகரில் 42 மதுக்கூடங்களின் காற்றைத் தடைக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். நுண்துகள் 83 விழுக்காடும், பென்சீன் என்னும் நச்சுப்பொருள் 80 விழுக்காடும் குறைந்திருந்தன. உடன் சோதிக்கப்பட்ட பணியாளர்களுள் புகைக்காதவர்களுக்கு நுரையீரல் செயல்திறன் கூடியிருந்தது. நாமே புகைக்கும் பணியாளர்களுக்கு அந்த அளவு மாற்றம் தெரியவில்லை, அது எதிர்பார்க்கத்தக்கதே. மற்றோர் ஆய்வு எச்சிலில் உள்ள கோட்டினைன் அளவை ஒப்பிட்டது. உடலுக்குள் சென்ற நிக்கோட்டின் சிதைந்து உண்டாவது கோட்டினைன். ஒருவர் எவ்வளவு புகையை உள்வாங்கினார் என்பதற்கு அது நம்பகமான சான்று. தடை வந்த அயர்லாந்துக் குடியரசில் புகைக்காத மதுக்கூடப் பணியாளரிடம் அது 80 விழுக்காடு இறங்கியது. அப்போது தடை இல்லாத வட அயர்லாந்தில் இறக்கம் 20 விழுக்காடு மட்டுமே.

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் குரோ என்ற உணவகப் பணிப்பெண் வாழ்ந்தார். அவர் ஒருபோதும் புகைத்ததில்லை. நாற்பது ஆண்டுகள் புகை நிறைந்த கூடங்களில் பரிமாறி வந்த அவருக்கு 2002-இல் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அது பணியிடத்தால் வந்த நோய் என ஏற்கப்பட்டு அவருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. எஞ்சிய காலத்தை அவர் நாடெங்கும் சென்று பணியிடப் புகைத்தடைக்காகப் பேசுவதில் செலவிட்டு 2006-இல் மறைந்தார். புகைப்பவரின் விருப்பம், முதலாளியின் வருமானம் என்று இரு தரப்புக்கு இடையே மட்டும் நடந்துவந்த விவாதத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்பதைப் பலரும் அப்போதுதான் கவனித்தனர்.

ஊர் அளவிலும் விளைவு தெரிந்தது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 அன்று தடை வந்தது. ஒன்பது மருத்துவமனைகளில் கடும் இதய நோயுடன் சேர்க்கப்பட்டவர் எண்ணிக்கை அடுத்த ஓராண்டில் 17 விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் தடை இன்னும் வராத இங்கிலாந்தில் குறைவு 4 விழுக்காடு. புகைக்காதவர்களிடம் இறக்கம் 21 விழுக்காடாக, புகைப்பவர்களிடம் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. வேறு சிறு நகர் ஆய்வுகள் இதைவிடப் பெரிய எண்களைத் தந்தன. பெரிய மக்கள்தொகையை எடுத்துக்கொண்ட பிந்தைய ஆய்வுகள் சிறிய எண்களைத் தந்தன. மாதிரி சிறிதாக இருந்தால் எண்கள் துள்ளும் என்பதைப் புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் அறிவார்கள். இறங்குமுகம் என்ற திசையில் அவை ஒத்துப்போகின்றன.

கல்லாப்பெட்டிக்கு என்ன ஆனது

வியாபாரம் பற்றிய கேள்வியில்தான் மிகுதியான குழப்பம். தடை வரப்போகிறது என்றதும் எல்லா நாட்டிலும் உரிமையாளர் சங்கங்கள் பாதி வாடிக்கையாளரை இழப்போம் என்றே கூறின. நியூயார்க்கில் 2003-இல் மதுக்கூடங்களுக்குத் தடை விரிந்தது. ஓராண்டு கழித்து நகர அரசு வெளியிட்ட அறிக்கை, உணவகம், மதுக்கூடம் ஆகியவற்றின் வரி வருவாய் 8.7 விழுக்காடு உயர்ந்ததாகக் கூறியது. இந்த எண்ணைத் தடையின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். என் கருத்தில் இதை அப்படியே ஏற்பது சரியன்று. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் படுத்திருந்த நகரம் அப்போது எழுந்துகொண்டிருந்தது. உயர்வில் எவ்வளவு பங்கு அதனுடையது என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. உணவகத்தையும் மதுக்கூடத்தையும் ஒன்றாகக் கூட்டியதும் ஒரு குறை. தடை வியாபாரத்தை அழித்துவிடவில்லை என்பதற்கு மட்டும் அது சான்றாகும்.

இதைவிட உறுதியானது, பல ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட ஆய்வு. 2003-இல் வெளியான அத்தகைய ஒன்று 97 ஆய்வுகளைப் பரிசீலித்தது. வரிக்கணக்கு போன்ற புறச் சான்றுகளைக் கொண்டு முறையாகச் செய்யப்பட்டவை, தடையால் பாதிப்பில்லை அல்லது சிறு நன்மை உண்டு என்றன. இழப்பு என்று கண்டவை பெரும்பாலும் உரிமையாளர்களிடம் 'உங்களுக்கு நட்டமா?' என்று கேட்டுத் தொகுத்தவை. அவற்றுள் பெரும்பகுதி புகையிலைத் தொழிலின் ஆதரவு பெற்றவை. கேட்கும் விதமே விடையைத் தீர்மானிக்கும் என்பதற்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இது.

இழப்பே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. சாப்பாட்டைக் காட்டிலும் குடிக்கே ஆட்கள் வரும் சிறு மதுக்கூடங்களில், தொடக்க மாதங்களில் வரவு குறைந்ததாகவும் வேலைவாய்ப்பு சற்றுச் சுருங்கியதாகவும் சில அமெரிக்க ஆய்வுகள் கண்டன. பிரித்தானியாவில் பிங்கோ மன்றங்களும் தொழிலாளர் மன்றங்களும் அடிபட்டன. அவற்றின் உறுப்பினர்களுள் புகைக்கும் முதியவர் பலர். ஆனால் அதே காலத்தில்தான் 2008-இன் பொருளாதார நெருக்கடி வந்தது, அங்காடிகளில் மலிவு மதுவும் கிடைத்தது. அயர்லாந்திலும் மதுக்கூட விற்பனையின் சரிவு தடைக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஓர் ஊரில் மட்டும் தடை, அடுத்த ஊரில் இல்லை என்ற நிலை வேறு வகைச் சிக்கலைத் தந்தது. புகைக்க இடம் தேடிக் குடித்துவிட்டு நெடுந்தூரம் வண்டி ஓட்டியதால் விபத்துகள் கூடின என்று அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் 2008-இல் எழுதினர். தடை எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே அளவில் வரும்போது இந்தப் பயணத்துக்குத் தேவை இல்லாமல் போகிறது.

அரைத் தடை யாருக்கு உதவுகிறது

செருமனியில் மாநிலந்தோறும் தடை வந்தபோது, தனி அறை உள்ள மதுக்கூடங்களில் புகைக்கலாம் என்று விலக்கு தரப்பட்டது. ஓரறைச் சிறு மதுக்கூடம் தனி அறைக்கு எங்கே போகும்? வாடிக்கையாளர் பெரிய கடைக்குப் போய்விட்டார்கள். 2008 சூலை 30 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இந்த ஏற்பாடு சிறு கடைகளுக்கு அநீதி என்றது. முழுத் தடை விதித்தால் அரசமைப்புக்கு முரணில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. பவேரிய மாநில மக்கள் 2010 சூலையில் வாக்களித்து, 61 விழுக்காடு ஆதரவுடன், விலக்கில்லாத தடையைத் தேர்ந்தெடுத்தனர்.

இந்தியாவின் 30 இருக்கை விலக்கும் அதே தன்மையுடையது. சட்டப்படி நடப்பதாக வைத்துக்கொண்டால், நட்சத்திர விடுதியின் பாருக்குப் புகை அறை உண்டு. பத்து மேசை போட்ட கடைக்கு இல்லை. புகை அறை இருந்தாலும் அதைத் துடைத்துப் பெருக்க ஒருவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். காற்றோட்டக் கருவிகளால் பிறர் புகையின் தீங்கைப் போக்க முடியாது என்பதே உலக நலவாழ்வு அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 8-ஆம் உறுப்புக்கான வழிகாட்டியின் நிலை. இந்தியா அந்த உடன்படிக்கையை 2004-இல் ஏற்றது. புகை அறை விலக்கை நீக்கும் திருத்த வரைவு ஒன்று 2020-இல் ஆயத்தமாகிக் கருத்துக்கு வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை.

தமிழ்நாட்டு நிலை

திண்டுக்கல் புகையிலையோடு பழைய உறவுள்ள ஊர். திருச்சிச் சுருட்டு என்று ஆங்கிலேயர் கொண்டாடிய சுருட்டுக்கு இலை பெரும்பாலும் திண்டுக்கல் வட்டாரத்திலிருந்தே போயிற்று. ஸ்பென்சர் நிறுவனம் இங்கே சுருட்டு ஆலை நடத்தியது. சர்ச்சில் புகைத்தது நம்மூர்ச் சுருட்டு என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மாவட்டத்தின் மலைநகரான கொடைக்கானலில் 1887-இல் ஆங்கிலேயர் தொடங்கிய கிளப் இன்றும் உள்ளது. அக்காலக் கிளப்புகளில் சுருட்டும் மதுவும் ஒரே மேசையில் இருந்தன. இன்றைய சட்டம் அத்தகைய கிளப்புக்கும், அரசு உரிமம் பெற்று மது பரிமாறும் மனமகிழ் மன்றத்துக்கும், பேருந்து நிலையப் பக்கத்துப் பாருக்கும் வேறுபாடு காட்டுவதில்லை.

நடைமுறை வேறுபாடு காட்டுகிறது. குளிரூட்டிய விடுதிப் பார்களில் தடை ஓரளவு செல்லுபடியாகிறது. புகை அங்கே தங்கிவிடும் என்பதால் வாடிக்கையாளரே முறையிடுகிறார்கள். மாவட்ட நகரங்களின் டாஸ்மாக் பார்களில், மேசைமேல் சிகரெட் புகையாத நேரத்தைக் காண்பது அரிது. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், மிக்சர் ஆகியவற்றோடு சிகரெட்டும் அங்கேயே சில்லறையாகக் கிடைக்கிறது. பலகை சில இடங்களில் இருக்கிறது, அதன் கீழே தீக்குச்சிகளும்.

காரணத்தை அமைப்பில் தேட வேண்டும். 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் ஏற்றது. மது விற்பது அரசு நிறுவனம். அருகில் உட்கார இடம் தந்து தின்பண்டம் விற்கவும், காலிப் புட்டிகளைச் சேகரிக்கவும் உரிமம் எடுப்பவர் தனியார். அந்த உரிமம் குறுகிய காலத்துக்கு ஏலத்தில் வருவது. அடுத்த முறை தமக்குக் கிடைக்குமா என்று தெரியாத ஒருவர் கட்டடத்துக்கோ காற்றோட்டத்துக்கோ செலவு செய்ய மாட்டார். பணியாளரும் பெரும்பாலும் நாள் கூலிக்கோ மேசைக் காசுக்கோ நிற்பவர். வருகைப் பதிவேடு, அடையாள அட்டை எதுவும் இராது. 'தெரிந்தே விட்டுவிட்ட பொறுப்பாளர்' என்று விதி சொல்லும் ஆளைத் தேடிப்போனால், கடை மேற்பார்வையாளர் பார் என் பொறுப்பில்லை என்பார். உரிமதாரர் ஊரில் இருக்க மாட்டார். எதிரே நிற்பவர் மேசை துடைக்கும் பையன்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்புவரை படித்த ஒருவர் இப்படியொரு பாரில் பத்தாண்டுகளுக்கு மேலாக சப்ளையராக இருக்கிறார். சிகரெட்டைத் தொட்டதில்லை, குடியும் இல்லை. இரவு வீட்டுக்குள் நுழையுமுன் சட்டையைக் கழற்றி வாசல் கொடியில் போட்டுவிடுவார். கைக்குழந்தை இருந்த நாளில் மனைவி வைத்த கட்டளை அது, இன்றும் தொடர்கிறது. "சார், புகைக்காதீங்கன்னு நான் சொன்னா, கிளாஸ் என் மேலதான் வரும்" என்றார். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமல். மருத்துவமனையில் முதல் கேள்வியே 'நாளைக்கு எத்தனை சிகரெட்?' என்பதாம். இல்லை என்றால் நம்புவதில்லையாம்.

2023 சூனில் 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோதும், அதற்கு முன்னும் பின்னும் பார்கள் பற்றி நடந்த வழக்குகளிலும் விவாதங்களிலும் பேசப்பட்டவை மது, போக்குவரத்து இடைஞ்சல், பள்ளிக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம் ஆகியவை. மதுவை எதிர்ப்பவர் பாரையே மூடு என்கிறார். ஆதரிப்பவர் அதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார். திறந்திருக்கும் வரை அதற்குள் இருக்கும் காற்று யார் பொறுப்பு என்ற கேள்வி இருவருக்கும் இடையே விழுந்துவிடுகிறது. ஆகவே, புகைத்தடை தமிழ்நாட்டு மதுக்கூடங்களின் வியாபாரத்தை என்ன செய்தது என்று கேட்டால், அது அங்கே இன்னும் நுழையவே இல்லை என்பதுதான் விடை.

ஹூக்கா பார் விவகாரத்தில் மட்டும் அரசு கடுமை காட்டியது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றிய திருத்தம் குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் 2023-இல் சட்டமானது; ஹூக்கா பார் நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. குஜராத்தும் மகாராட்டிரமும் இதே வழியில் முன்பே சென்றன. பெருநகர இளைஞர் போகும் ஹூக்கா கூடத்துக்கு மூன்றாண்டுச் சிறையும், ஊர்தோறும் உள்ள பாருக்கு 200 ரூபாயும் என்ற ஏற்றத்தாழ்வு கவனிக்கத்தக்கது.

தாளிலிருந்து நடைமுறைக்கு

இந்த நிலை நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாடு 2010 செப்டம்பரில் மதுக்கூடங்களையும் சேர்த்துத் தடை விதித்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. சாம்பல் கிண்ணம் கேட்டால் கிடைத்தது. 2019 இறுதியில் புதிய சட்டம், கூடுதல் அபராதம், முறையிட ஒரு தனித் தொலைபேசி எண் ஆகியவற்றுடன் அரசு இறங்கியபோது நிலை விரைவாக மாறியது. மக்கள் பண்பாடு மாறாது என்று ஒன்பது ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்த அதே நாடு அது.

தமிழர் நடத்தும் கடைகளிலேயே இதைக் காணலாம். மலேசியாவில் தமிழ் முசுலிம்கள் நடத்தும் மாமக் கடைகள் இரவு முழுவதும் தேநீரும் ரொட்டி சானாயும் சிகரெட்டுமாக இயங்கியவை. 2019 சனவரி 1 முதல் திறந்தவெளிக் கடைகள் உட்பட எல்லா உணவிடங்களிலும் அங்கே தடை வந்தது. மேசையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய்த்தான் புகைக்கலாம். முதல் ஆண்டு முழுவதும் எச்சரிக்கை மட்டும், அடுத்த ஆண்டிலிருந்து அபராதம் என்று படிப்படியாக நடத்தினார்கள். சிங்கப்பூர் 2007 சூலையில் மதுக்கூடங்களுக்கும் இரவு விடுதிகளுக்கும் தடையை விரித்தது.

பக்க விளைவுகளும் உண்டு. புகைப்பவர் வாசலில் கூடுவதால் தெருவில் இரவு இரைச்சலும் சிகரெட் துண்டுகளும் பெருகின. வெளியே நெருப்புக் கேட்ட பழக்கம் காதலில் முடிந்த கதைகளும் அயர்லாந்தில் உண்டு. அதற்கென்றே 'ஸ்மர்ட்டிங்' என்று ஒரு சொல்லை உருவாக்கிக்கொண்டார்கள். பாரில் விடாவிட்டால் வீட்டில் புகைப்பார்கள், குழந்தைகள் பாதிக்கப்படுவார்கள் என்ற அச்சமும் எழுந்தது. ஸ்காட்லாந்தில் தொடக்கப் பள்ளியின் இறுதி வகுப்புப் பிள்ளைகளின் எச்சிலைத் தடைக்கு முன்னும் பின்னும் சோதித்ததில் கோட்டினைன் 39 விழுக்காடு குறைந்திருந்தது. வெளியே புகைக்கப் பழகியவர் வீட்டிலும் வாசலுக்குப் போகப் பழகினர் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

2016-17-இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் உள்ளரங்குகளில் பணிபுரிவோருள் 30.2 விழுக்காட்டினர் பணியிடத்தில் பிறர் புகைக்கு உள்ளாகின்றனர். மதுக்கூடப் பணியாளர் என்று அதில் தனிப் பிரிவு இல்லை. 2008 விதிகள் இன்னொன்றும் கோருகின்றன: புகைப்பதைக் கண்டால் யாரிடம் முறையிட வேண்டும் என்று, பொறுப்பாளரின் பெயரை ஒவ்வொரு பொது இடத்திலும் எல்லாரும் காணும்படி எழுதி வைக்க வேண்டும். பேருந்து நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். பாரில் அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை டாஸ்மாக்கும் உரிமதாரரும் உள்ளூர்ச் சுகாதாரத் துறையும் சேர்ந்து முடிவுசெய்ய, புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.